ஜெனீவாவுக்கு இரண்டு நிமிடம்

நவம்பர் 27, வியாழன்

நாளை ஜெனீவாவில் சிறுபான்மையினர் உரிமைக் கூட்டம். பல்லடம் பக்கத்து ரோஸி அக்கா வீடியோவில் இரண்டு நிமிடம் பேசுகிறார். அதை ஆங்கிலத்தில் சொல்லப்போவது அவருடைய வக்கீலான நான். ஊர் மயானத்தில் கிறிஸ்தவர்களுக்கு இடமில்லை என்று சொல்லிவிட்டதால், தன் மாமனாரைக் கோவைக்குக் கொண்டுவந்து புதைத்தவர் அவர்.

இன்று மாலை என் வீட்டில் ஒத்திகை. "ஏனுங்க, எல்லாரும் நல்லா இருக்கீங்களா? சாப்பிட்டீங்களா?" என்று ஆரம்பித்தார். அடுத்து ஊர்த் தலைவரைப் புகழ்ந்தார். தண்ணீர்க் குழாய் போட்டுத் தந்தாராம், மகள் கல்யாணத்துக்கு வந்தாராம். மயான விஷயத்துக்கு வருவதற்குள் இரண்டு நிமிடம் முடிந்துவிட்டது. இடத்தை மறுத்ததே அந்தத் தலைவர்தான்! எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது.

"அவரை எதுக்குக்கா புகழ்றீங்க?"

"எடுத்த எடுப்புல குத்தம் சொன்னா மரியாதைங்களா அம்மணி? நாளைக்கும் அவரு மூஞ்சியிலதான முழிக்கோணும்."

அந்தப் பயம் நியாயம்தான். ஆனாலும் நலம் விசாரிப்பையும் கல்யாணத்தையும் வெட்டினேன். குழாயை விட்டுவைத்து, மயானத்தை அதன் பக்கத்திலேயே கொண்டுவந்து வைத்தேன். மறுபடி பேசச் சொன்னேன்.

"எங்க தலைவர் நல்லவருங்க. தெருவுக்குக் கொழா போட்டுக் குடுத்தாருங்க. எங்க மாமனாரைப் பொதைக்க மட்டும் எடமில்லைன்னு சொல்லிப்போட்டாருங்க."

தலைவர் காதுக்கு இது போனால்... அதைப் போகும்போது பார்த்துக்கொள்கிறேன். இதில் ஒரு கடுஞ்சொல்கூட இல்லை; ஆனாலும் இத்தனை வருடத்தில் எந்த மனுவிலும் நான் இவ்வளவு கடுமையாக எழுதியதில்லை. நாளை ஆங்கிலத்திலும் இதே மரியாதையோடுதான் சொல்வேன்.