நைனாவுக்கும் நாக்கு உண்டு

உத்திரமேரூர்,
ஞாயிற்றுக்கிழமை

கர்த்தருக்குள் பிரியமான மகள் சுகிர்தாவுக்கு அம்மா எழுதுவது. உன் நைனாவின் முட்டி வலியைக் கழித்துவிட்டுப் பார்த்தால் நாங்கள் இரண்டு பேரும் இங்கே நல்ல சுகம். அந்த வெயில் தேசத்தில் உன் உடம்புக்கும் மனசுக்கும் ஒரு குறையும் வராமல் ஆண்டவர் காக்க வேண்டும் என்று இன்று காலை கோயிலிலும் ஜெபம் பண்ணிவிட்டு வந்தேன். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பாய். எதிர் வீட்டுச் செவ்வந்தி அக்காவின் மருமகன் வியாழக்கிழமை தோஹாவுக்குத் திரும்புகிறார், அவர் கையில் உனக்கு நார்த்தங்காய் ஊறுகாய் கொடுத்தனுப்புகிறேன், அதோடு இதையும் வைக்கிறேன். போனில் பேசினால் நைனா பக்கத்தில் வந்து உட்கார்ந்து ஸ்பீக்கரில் போடச் சொல்கிறார், அவரைப் பற்றிய பேச்சை அவர் எதிரிலேயே எப்படிப் பேசுவது. அந்த ஓட்டலில் இருந்து வந்த அன்றைக்கு எப்படிம்மா இருந்தது என்று நீ மூன்று தடவை கேட்டாய், நல்லா இருந்துச்சு என்று ஒரே பேச்சில் முடித்துவிட்டேன். யாரோ உங்களை மரியாதைக் குறைவாக நடத்தியிருக்கிறார்கள், நான் மேலிடத்துக்கு எழுதிக் கேட்கிறேன் என்று மறுநாள் மெசேஜ் போட்டிருந்தாய். அப்படி ஒன்றும் இல்லை, யார் மேலும் புகார் எழுதிவிடாதே. நடந்தது வேறு. அது என்னவென்று எனக்கே பிடிபடாததால்தான் பத்து நாளாக வாய் திறக்கவில்லை. இன்னும் இரண்டு வருஷத்துக்கு அங்கேயே கையெழுத்துப் போடட்டுமா என்று நீ கேட்டதற்கும் அதனால்தான் பதில் சொல்லவில்லை. எழுதிப் பார்த்தாலாவது தெளிகிறதா பார்ப்போம்.

வேலை செய்கிறவர்களின் அப்பா அம்மாவுக்கு வருஷத்தில் ஒரு நாள் தங்கலும் சாப்பாடும் இலவசம், எங்கள் கம்பெனி ஓட்டல் மகாபலிபுரத்துப் பக்கம் கடலோரத்தில் இருக்கிறது, கல்யாண நாளன்று போய் வாருங்கள் என்று நீ சொன்னபோது எனக்கு இஷ்டமே இல்லை. நைனாவுக்காகத்தான் பயந்தேன். மில்லில் மூட்டை தூக்குகிற மனுஷன், நாலு பேர் எதிரில் உட்கார்ந்து சாப்பிடக் கூச்சப்படுகிறவர், கல்யாண வீட்டுப் பந்தியில்கூடக் கடைசி வரிசையில் சுவரைப் பார்த்து உட்காருகிறவர், அந்த இடத்தில் அவமானப்பட்டுப் போவாரே என்று நினைத்தேன். செங்கல்பட்டில் பஸ் மாறி, இறங்கி ஆட்டோ பிடித்துப் போனோம். கேட்டில் இருந்த செக்யூரிட்டி யாரைப் பார்க்கணும், வேலைக்கா என்று கேட்டார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். உன் நைனா என்ன செய்தார் தெரியுமா, "தங்கறதுக்கு வந்துகீறோம்பா. எம்பொண்ணு பேர்ல புக் ஆயிகீது, பாரு" என்று நீ அனுப்பிய மெசேஜைக் காட்டினார். குரலில் ஒரு நடுக்கம் இல்லை. செக்யூரிட்டி சல்யூட் வைத்துக் கதவைத் திறந்துவிட்டார். உள்ளே போனதும் சில்லென்று ஈரத் துண்டை ஒரு தட்டில் சுருட்டிக் கொடுத்தார்கள். அவ்வளவு வெள்ளையாக இருந்ததால் அழுக்குப் பண்ண மனசு வராமல் நான் அப்படியே திருப்பிக் கொடுத்தேன். அவர் முகம், கழுத்து, பிடரி எல்லாம் நிதானமாகத் துடைத்துவிட்டு, வெட்டிவேர் வாசனை வருது பாரு என்றார். எனக்கு அப்போதே திக்கென்றது.

அறையைப் பற்றி அதிகம் எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது. குளிக்கிற இடத்துக்கும் கட்டிலுக்கும் நடுவில் கண்ணாடிதான் சுவர், எந்த மகராசன் கட்டினானோ. நான் பெட்ஷீட்டை எடுத்துக் கட்டிவிடலாமா என்று பார்த்துக்கொண்டிருந்தேன், அவர் நாலு சுவிட்சைத் தட்டிப் பார்த்து, திரை இறங்குகிற சுவிட்சைக் கண்டுபிடித்துவிட்டார். அப்புறம் அந்தத் தொட்டியில் சுடுதண்ணீரை நிரப்பிக்கொண்டு ஒரு மணி நேரம் கிடந்தார். வெளியே வரும்போது தோளில் மூட்டை தூக்கித் தூக்கிக் காய்த்துப்போன இடம் ஊறி வெளுத்திருந்தது. நீயும் போய் இருந்துட்டு வா, வலி எல்லாம் போவுது என்றார். நான் நாற்காலி நுனியிலேயே உட்கார்ந்திருந்தேன். அந்த மெத்தையில் உட்கார்ந்தால் குழி விழுந்துவிடும், யாராவது கேட்பார்கள் என்று இருந்தது. கூச்சப்பட வேண்டியவர் அவர், கூச்சப்பட்டது நான். இது எப்படி என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

ராத்திரிச் சாப்பாட்டுக்கு ஏழு மணிக்குக் கூப்பிட்டார்கள். பரிமாறியது கீதா என்று ஒரு பெண், கடலூர்ப் பக்கமாம், நல்ல மரியாதை. ஏழு வகை வரும், ஒவ்வொன்றாக வரும், அவசரம் இல்லை என்று சொன்னாள். ஸ்கூலில் எண்பத்தாறு பிள்ளைகளுக்கு அண்டாவில் சோறாக்கி அரைமணியில் பரிமாறி முடிக்கிற எனக்கு அந்தத் தட்டைப் பார்த்ததும் சிரிப்பு வந்துவிட்டது. தட்டு முறம் அகலம், உள்ளே ஒரு இறால். அடுத்ததாகச் சின்னக் கிண்ணத்தில் ரசம் போலத் தெளிவாக ஒன்று வந்தது. நான் ஒரே மடக்கில் குடித்துவிட்டேன். உன் நைனா ஒரு வாய் குடித்தார், நிறுத்தினார், இன்னொரு வாய் குடித்தார், "ஏம்மா, இதுல முருங்கப்பூ வதக்கிப் போட்டுகீதா" என்று கேட்டார். அந்தப் பெண் உள்ளே போய்க் கேட்டுவிட்டு வந்து, ஆமாம் ஐயா, எங்களுக்கே சொல்லித்தான் தெரியும் என்றாள். அதோடு விட்டாரா. மீன் வந்தது. "மீனு சோக்காகீது. ஆனா புளி புதுசு. பழம்புளியா இருந்தா சாறு இன்னும் நாக்குல நிக்கும்" என்றார். கறித்துண்டு வந்ததும், இதை நெருப்பில் சுடாமல் ஆவியிலேயே வெகுநேரம் வைத்திருக்கிறார்கள் என்றார். கையால்தான் சாப்பிட்டார், ஆனால் அவசரமே இல்லை. வீட்டில் குனிந்த தலை நிமிராமல் ஐந்து நிமிஷத்தில் தட்டைக் காலி பண்ணிவிட்டு எழுந்து போகிறவர், அங்கே ஒவ்வொரு வாய்க்கும் நடுவில் நாற்காலியில் சாய்ந்து கடல் பக்கம் பார்த்துக்கொண்டு மென்றார். நான் சாப்பிடுவதை விட்டுவிட்டு அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். யாரோ அன்னிய ஆம்பளையோடு வந்து உட்கார்ந்த மாதிரி எனக்கு வியர்த்தது.

கடைசியில் இனிப்பு வந்தது. உன் வேலை அதுதானே என்பதால் நான் கொஞ்சம் கவனமாகவே பார்த்தேன். ஒரு தட்டில் அரைமூடித் தேங்காய், உடைத்த கொட்டாங்கச்சி அப்படியே நாரோடு, உள்ளே வெள்ளையாய்ப் பருப்பு, அடியில் கறுப்பாக ஏதோ அரிசி. நான் உள்ளே இருப்பதை மட்டும் ஓரமாகச் சுரண்டினேன். உன் நைனா ஸ்பூனால் ஓட்டிலேயே ஒரு தட்டு தட்டி உடைத்து வாயில் போட்டுக் கடித்தார். எனக்கு உயிரே போய்விட்டது. "இன்னாய்யா, கொட்டாங்கச்சிய துன்றியே" என்று கத்திவிட்டேன். பக்கத்து மேஜைக்காரர்கள் திரும்பினார்கள். அவர் கண்ணை மூடிக்கொண்டு, "ஏ ஞானம், இது சாக்லேட்டு. நாரு சக்கரப்பாகு. உள்ள இளநி வழுக்கைய உறைய வச்சிகீறாங்க" என்றார். அப்புறம் இன்னொரு துண்டை மென்றுகொண்டே, தனக்குத்தானே சொல்லிக்கொள்வது போல, "வெல்லத்த வேணும்னே லேசா கருக வுட்டுகீறாங்க. மொதல்ல கசக்குது, அப்பால வருது பாரு தித்திப்பு" என்றார். கீதா இதைப் போய் உள்ளே சொல்லியிருக்கிறாள். வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர் வெளியே வந்தார், ராமப்ரசாத் என்று பெயர், இனிப்புகளுக்கெல்லாம் அவர்தான் தலைமையாம். அந்தக் கருகல் வாசனையை இதுவரை வந்தவர்களில் ஒருவர்கூடக் கண்டுபிடிக்கவில்லை சார், நீங்கள் சமையல்காரரா என்று கேட்டார். உன் நைனா எழுந்து நின்று, "இல்ல சார், நெல்லு மூட்ட தூக்கறேன். பொண்ணுதான் உங்க வேலை செய்யுது" என்றார். அந்த மனிதர் கை கொடுத்தார், இவரும் கொடுத்தார். அந்த நேரத்தில்தான் நான் அழுதுவிட்டேன். சும்மா கண் கலங்கவில்லை சுகிர்தா, மூக்கை உறிஞ்சிக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதேன். கீதா தண்ணீர் கொண்டு வந்தாள், மேனேஜர் ஓடி வந்தார், அம்மாவுக்கு ஏதாவது ஒத்துக்கொள்ளவில்லையா, வேறு இனிப்பு கொண்டு வரட்டுமா என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். நைனாவுக்கும் ஒன்றும் புரியவில்லை, முழித்துக்கொண்டு நின்றார்.

ஏன் அழுதேன் என்று பத்து நாளாக யோசிக்கிறேன். ஸ்கூல் பிள்ளைகளை நினைத்து அழுதிருப்பேன் என்று நீ நினைக்கலாம், செவ்வந்தி அக்காவும் அப்படித்தான் சொன்னாள். பொய் சொல்ல மாட்டேன், அந்தப் பிள்ளைகள் ஞாபகமே அப்போது வரவில்லை, மறுநாள் காலையில் நாஷ்டாவுக்கு முப்பது வகை வைத்திருந்ததைப் பார்த்தபோதுதான் வந்தது. அவமானமும் இல்லை, அங்கே எல்லோரும் தங்கமாக நடத்தினார்கள். சந்தோஷமா என்றால் அதுவும் முழுசாக இல்லை. அந்த இனிப்பே எனக்குப் பிடிக்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன், நீ வருத்தப்படாதே, முதல் ஸ்பூன் நன்றாக இருந்தது, இரண்டாவதில் உப்புக் கரித்தது, இனிப்பில் எதற்கு உப்பு என்று இன்னும் எனக்குத் தெரியவில்லை. கோபம்தான் என்று ஒரு சமயம் தோன்றுகிறது. முப்பத்தோரு வருஷம் இந்த மனுஷனுக்கு ஆக்கிப் போட்டிருக்கிறேன். ஒரு நாள் நல்லா இருக்கிறது என்று சொன்னதில்லை, நல்லா இல்லை என்றும் சொன்னதில்லை. போட்டதைத் தின்கிற ஆள், நாக்கே கிடையாது என்று நான் ஊரெல்லாம் சொல்லியிருக்கிறேன், பெருமையாகவே சொல்லியிருக்கிறேன். அவ்வளவு நாக்கையும் எங்கே வைத்திருந்தார்.

திரும்பி வரும்போது உத்திரமேரூர் பஸ்ஸில் உட்கார்ந்ததும் கேட்டே விட்டேன். உப்பில்லாத நாளும் தின்றாய், ரேஷன் அரிசி வாடை அடித்த நாளும் தின்றாய், இவ்வளவு தெரிந்த ஆள் ஒரு நாளாவது வாயைத் திறந்து சொல்லியிருக்கக் கூடாதா என்று கேட்டேன். அவர் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு சொன்னார். "சொன்னா நீ மாத்திச் செய்யணும்னு பாப்ப. மாத்திச் செய்ய வூட்ல இன்னா இருந்துச்சி?" அவ்வளவுதான் சொன்னார். அப்புறம் தூங்கிவிட்டார். எனக்குத்தான் தூக்கம் வரவில்லை. நீ நர்சிங் சீட்டை விட்டுவிட்டு கேட்டரிங் படிக்கிறேன் என்று நின்றபோது, நம்ம வம்சத்துல யாருக்கு வந்துச்சி இந்தத் தீனிப் பைத்தியம் என்று உன்னை எப்படியெல்லாம் பேசினேன், ஏழு மாசம் உன்னோடு பேசாமல்கூட இருந்தேன். அவர் ஒரு வார்த்தை பேசாமல் காலேஜ் ஃபாரத்தில் கையெழுத்துப் போட்டார், பொண்ணுக்குச் செல்லம் கொடுத்துக் கெடுக்கிறாய் என்று அவரையும் திட்டினேன். யாருக்கு வந்தது என்று அவருக்கு அன்றைக்கே தெரிந்திருக்கிறது பார். ஒரே வீட்டில் இருந்த எனக்குத் தெரியவில்லை.

இப்போது வீட்டில் வேறு ஒரு பேஜார். இனிமேல் உள்ளதைச் சொல்லு என்று நானே சொல்லிவிட்டேன், அவரும் சொல்ல ஆரம்பித்துவிட்டார். முந்தாநாள் காரக்குழம்பில் வெந்தயம் தூக்கல் என்றார். சுர்ரென்று கோபம் வந்து, அந்த ஓட்டலுக்கே போய்த் தின்னு என்று கரண்டியைப் போட்டுவிட்டு வெளியே போய்விட்டேன். அப்புறம் வந்து ஒரு வாய் சாப்பிட்டுப் பார்த்தேன், தூக்கல்தான். இது நல்லதற்கா கெட்டதற்கா சொல்லு. சொல்லாத மனுஷனோடு இருப்பதும் கஷ்டம், சொல்லுகிற மனுஷனோடு இருப்பது அதைவிடக் கஷ்டமாக இருக்கிறது. ஆனால் நேற்று கீரை கடைந்ததற்கு, இன்னும் கொஞ்சம் வை என்று தட்டை நீட்டினார். அதை நினைத்து இன்று கோயிலில் பிரசங்கத்தின் நடுவில் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, இந்த வயசில்.

உன் கையெழுத்து விஷயத்துக்கு வருகிறேன். டிசம்பரோடு முடித்துக்கொண்டு வா, இங்கே ஒரு வரன் பார்க்கலாம், உத்திரமேரூரில் ஒரு பேக்கரி வைத்துத் தரலாம் என்று நான் சொன்னது உன் நல்லதுக்கா, என் பக்கத்தில் நீ வேண்டும் என்பதற்கா, இப்போது எனக்கே சந்தேகமாக இருக்கிறது. நைனாவைக் கேட்டேன். "அது கைல கீறது அதுக்குத்தான் தெரியும், நாம இன்னா சொல்றது" என்றார். நீ இல்லாமல் அவருக்கும் வீடு வெறிச்சென்றுதான் இருக்கிறது. இருந்தும் அவர் உன்னைத் திரும்பக் கூப்பிடவில்லை. அதனால் நானும் சொல்கிறேன், கையெழுத்தைப் போட்டுவிடு. தெளிந்த மனசோடு சொல்கிறேன் என்று நினைத்துக்கொள்ளாதே, குழப்பத்தோடுதான் சொல்கிறேன். எனக்குத் தெளிகிற வரைக்கும் நீ காத்திருந்தால் உனக்குத் தலை நரைத்துவிடும். நாளைக்கே நான் போன் பண்ணி வேண்டாம், வந்துவிடு என்று அழுதாலும் அழுவேன், அதைக் கேட்காதே, இந்தக் காகிதத்தில் இருப்பதையே என் வார்த்தையாக வைத்துக்கொள்.

போகும்போதும் வரும்போதும் கர்த்தர் உனக்குக் காவலாக இருந்து, நீ தொடுகிற வேலையை எல்லாம் ஆசீர்வதிப்பாராக. ஊருக்கெல்லாம் இனிப்புச் செய்துவிட்டு நீ பட்டினியாகப் படுக்காதே, வேலைக்குப் போகுமுன் ஒரு வாய் சோறு சாப்பிடு. ஊறுகாயை ஈரக் கரண்டியால் எடுக்காதே.

உன்னைப் பெற்றவள்,
ஞானசுந்தரி ஏசுதாஸ்