குப்பைமேட்டு மானியம்

16 ஜூன், திங்கள்

காலையிலேயே அனல். மதியம் கடல்காற்று எழுந்ததும் ஜன்னல்களை எல்லாம் அடைத்தாயிற்று. ஊருக்குக் காற்று வந்தால் சுகம், எங்களுக்குக் குப்பைமேட்டுப் புகை. கயலுக்கு மறுபடி வீசிங். ஏழு வயதுப் பிள்ளை, மாஸ்க்கைத் தானே மாட்டிக்கொள்ளப் பழகிவிட்டாள். கேளம்பாக்கம் டாக்டர்: "வீட்ட மாத்திடுங்கம்மா." சொல்லலாம். இந்த வீட்டை எவன் வாங்குவான்?

ஒரு நல்ல சேதி. புவி சூடாவதைக் குறைக்க உள்ளூர் நிர்வாகங்களுக்கு அரசு மானியம் தருகிறது; நான் கிளார்க்காக இருக்கும் எங்கள் பேரூராட்சியும் பட்டியலில். குப்பையை எரிக்காமல் மட்கவைத்து எரிவாயு எடுக்கும் பிளான்ட்டுக்காக. விண்ணப்பம் முழுக்க நான் எழுதியது. கையெழுத்து மட்டும் செயல் அலுவலருடையது. வியாழன் ஆய்வுக் குழு வருகிறது. மேட்டைக் கண்ணால் பார்த்தால் போதும், கிடைத்துவிடும்.

17 ஜூன், செவ்வாய்

மீட்டிங். இ.ஓ. (செயல் அலுவலரைத்தான் அப்படிச் சொல்கிறோம்) வெகுநேரம் பேசினார். குப்பையிலிருந்து எடுக்கப்போகும் மீத்தேன் வாயுவை மெத்தனால் என்றார். கைதட்டல் வேறு.

ஆய்வுக்கு வாங்க வேண்டியவை: பிளெக்ஸ் பேனர் 2 (பூமி அழுகிறது, பக்கத்தில் சேர்மன் சிரிக்கிறார்). சால்வை. முந்திரி பக்கோடா. நடுவதற்கு மரக்கன்று 1. பந்தலுக்கு ஏ.சி., அதற்கு டீசல் ஜெனரேட்டர்.

வீட்டுக்கு: தோசை மாவு, கயலுக்கு இன்ஹேலர்.

18 ஜூன், புதன்

இறுக்கம். மாலை ஆபீஸ் ஜன்னலில் பார்த்தால் கிழக்கே ஒரே கறுப்பு. ஸ்கூட்டியில் ஓடினேன். மேடு முழுக்க எரிகிறது. துப்புரவு மேஸ்திரி ஏகாம்பரம், கையில் டீசல் கேன்.

"இன்னா மேஸ்திரி இது?"

"நாளிக்கி ஆபீசருங்கோ வராங்கோ இல்ல? குப்ப கெடந்தா அசிங்கமா கீதுன்னு இ.ஓ. சொன்னாரு. எரிஞ்சதும் மண்ணு தள்ளி பிளீச்சிங் போட்டுர்லாம்."

"எரிக்காம இருக்கத்தான் மேஸ்திரி துட்டே குடுக்கறாங்க."

"துட்டு குடுக்கறவன் வர்றப்போ எடம் சுத்தமா இருக்க வாணாமா?"

இவரைச் சொல்லிக் குற்றமில்லை. எவன் வந்தாலும் முந்தின நாள் இதே கூத்துதான். கொளுத்து, மூடு, வெள்ளைக் கோடு போடு. இ.ஓ.வுக்கு போன். "டென்ஷன் ஆவாத தேன்மொழி, பாத்துக்கலாம்." முட்டாள். படித்த முட்டாள்.

கயலைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்காரர் செய்யூருக்கு, நாத்தனார் வீட்டுக்கு. பஸ் ஏறும்வரை இருமல்.

19 ஜூன், வியாழன்

குழு மூன்று பேர். மாமல்லபுரம் ரிசார்ட்டில் நாஸ்தா முடித்து ஆடி அசைந்து வந்தார்கள். மேடு இருந்த இடத்தில் செம்மண், சுற்றிலும் பிளீச்சிங் பவுடர். கன்று நட்டார்கள், போட்டோ. மண்ணுக்கு அடியில் இன்னும் கங்கு. கன்று அரைமணியில் தலை தொங்கிவிட்டது. ஒருவரும் கவனிக்கவில்லை.

இ.ஓ.: "எங்க ஊர்ல குப்பைன்ற பேச்சுக்கே எடமில்ல மேடம்."

குழுத் தலைவி: "அப்ப பிளான்ட்ல எத போடுவீங்க?"

இ.ஓ. சிரித்தார். பாராட்டு என்று நினைத்துவிட்டார்.

என்னால் அடக்க முடியவில்லை. "மேடம், நேத்து சாயந்தரம்தான் கொளுத்துனாங்க. அடியில இன்னும் புகையுது."

இ.ஓ. குறுக்கே புகுந்தார்: "அவங்க வீடு பக்கத்துல மேடம். கொழந்தைக்கு ஒடம்பு சரியில்ல, அதான் கொஞ்சம் அப்செட்."

அந்த அம்மாள் என்னை இரக்கமாகப் பார்த்தாள். கிளறிப் பார்க்கலாம்தான்; ஷூ அழுக்காகுமே. பக்கோடா எடுத்துக்கொண்டாள். மானியத்தைத் தேவை உள்ள வேறு ஊருக்குப் பரிந்துரைக்கிறார்களாம். கார் கிளம்பிவிட்டது.

20 ஜூன், வெள்ளி

லேசான தூறல். கயல் போனில். இருமல் இல்லை. "எப்பம்மா நம்ம வூட்டுக்கு வர்றது?" அத்தையிடம் போனைக் கொடு என்றேன். பிறகு ஆபீஸ் பாத்ரூமில் அழுகை.

பார்வையாளர் புத்தகத்தில் 'மிகத் தூய்மையான ஊர்' என்று எழுதிவிட்டுப் போயிருக்கிறார்கள். அதை ஜெராக்ஸ் எடுத்து பிரேம் போட வேண்டுமாம், இ.ஓ. உத்தரவு. என்ன ஜென்மமோ.

மதியம் டிராக்டர் முதல் லோடைக் கொட்டியது, அந்தக் கன்றின் மேலேயே. ஆபீஸ் வாசலில் ஏகாம்பரம் என்னை நிறுத்தினார். முகத்தில் நிஜமான வருத்தம்.

"டப்பு வர்லியாமே. அடுத்த தபா வராங்கன்னா ரெண்டு நாளு முன்னாடியே சொல்லும்மா. இந்த தபா டைம் பத்தல, அடில சரியா எரியல."