ஒரே வாசலில் மூன்று வளைவு

யூட்லாந்து, டென்மார்க்
செப்டம்பர்

அன்பு மகள் சிக்னேவுக்கு அம்மா எழுதிக்கொள்வது. இங்கே நான் சௌக்கியம், உன் அப்பாவும் சௌக்கியம், அவர் முழங்கால் மட்டும் எங்களோடு ஒத்துப்போக மாட்டேன் என்கிறது. நியூசிலாந்தில் நீயும் மாப்பிள்ளையும் பிள்ளைகளும் நலமாயிருக்க வேண்டும். எங்கள் பொன்விழா அன்று போனில் சரியாகப் பேச முடியவில்லை, ஒரே கூச்சல், அதனால்தான் எழுதுகிறேன்.

நம் ஊர்ச் சண்டை உனக்குத் தெரியும். நிலக்கரி வேண்டாம், எண்ணெய் வேண்டாம் என்று ஊரே ஒரே குரலில் தீர்மானம் போட்டது, அதோடு ஒற்றுமை தீர்ந்தது. உன் அப்பா காற்றாலைக் கட்சி. எதிர் வீட்டு ஐனர் பன்றிச் சாணியில் எரிவாயு எடுக்க வேண்டும் என்கிறார், பன்றி அவரிடம்தானே இருக்கிறது. பக்கத்து வீட்டு டோவெ வயல் முழுக்கச் சூரியத் தகடு போட்டு அடியில் ஆடு மேய்க்கலாம் என்கிறாள். கடல் அலையில் மின்சாரம் எடுக்கக் கிளம்பிய லௌரிட்ஸின் மிதவையை முதல் அலையே கொண்டுபோய்விட்டது, அதனால் அவர் இப்போது எல்லாக் கட்சிக்கும் ஆலோசகர். ஊர்க் கூட்டத்தில் ஐனர் உன் அப்பாவைப் பார்த்து, "காத்து அடிக்காத அன்னிக்கு ஏணி போட்டு ஏறி நீயே இறக்கையைச் சுத்துவியா?" என்று கேட்க, இவர், "உன் சாணியை நீயே மோந்துக்கிட்டு கிட" என்றுவிட்டார். டோவெ சும்மா இருக்கக் கூடாதா, "சூரியன் யார் வீட்டுலயும் நாறாது" என்றாள். ஒரு வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லை. பூமியைக் காப்பாற்றப் போகிறவர்கள் ரொட்டிக் கடையில் ஆளுக்கொரு பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்கிறார்கள்.

என் கவலை வேறு. ஐம்பதாம் கல்யாண நாள் காலையில் அக்கம்பக்கத்தார் ஊசியிலைக் கிளையில் வாசல் வளைவு கட்டி, பாடி எழுப்பாவிட்டால் ஊரில் என்ன மரியாதை? எத்தனை பேர் வாசலில் நான் கிளை கட்டியிருக்கிறேன். எதிர் வீட்டுக்காரர்தான் முன்னின்று செய்ய வேண்டும், அவரோ ஐனர். முதல் நாள் மாலை வரை ஒரு குச்சிகூட வரவில்லை. உன் அப்பா, "வராட்டி போறானுங்க, யாருக்கு வேணும்" என்றுவிட்டு ஜன்னலை விட்டு நகரவே இல்லை. நான் கைத்துணியில் முகத்தைப் புதைத்து அழுதேன், உன்னிடம் சொல்ல என்ன வெட்கம்.

காலையில் வெளியே சத்தம். வழக்கப்படி தூங்குவது போல் நடிக்கவெல்லாம் பொறுமையில்லை, திரையை விலக்கிப் பார்த்தால் ஒன்றன்பின் ஒன்றாக மூன்று வளைவு! சேர்ந்து ஒன்று கட்ட மனமில்லையாம். காற்றாலைக்காரர்கள் வளைவில் காகிதக் காற்றாடி, காற்றில்லாமல் தொங்கிக் கிடந்தது. டோவெ வளைவில் சூரிய விளக்குச் சரம், மேகமூட்டத்தில் ஒன்றும் எரியவில்லை. ஐனர் கிளை ஏற்றி வந்தது சாணி வண்டியில், நாறுகிற வேலையில் அது மட்டும் குறை வைக்கவில்லை. மூன்று கூட்டமும் ஒரே பாட்டை ஆளுக்கொரு சுருதியில் ஆரம்பிக்க, எனக்கு வந்ததே கோபம். ஜன்னலைத் திறந்து, "பாடினா ஒண்ணாப் பாடுங்க, இல்லேன்னா மூணையும் பிரிச்சு எடுத்துக்கிட்டுப் போங்க! காபி ஒரே பானையிலதான் போட்டிருக்கேன், கட்சிக்கு ஒரு பானை கிடையாது" என்று கத்தினேன். தலையைக் குனிந்தபடி ஐனர்தான் முதலில் தொடங்கினார், அந்தக் கரகரத்த குரலில். டோவெ சேர்ந்துகொண்டாள், பிறகு எல்லோரும். உன் அப்பா இரவு உடையோடு கதவைப் பிடித்துக்கொண்டு விம்மினார்.

உள்ளே வந்து ரொட்டியில் வெண்ணெய் தடவி முடிப்பதற்குள் ஐனர், "உன் காத்தாடி செத்துப்போச்சு, பார்த்தியா பிரேபன்?" என்றார். அப்பா விடுவாரா, "உன் வண்டிக்கு இன்னும் உயிர் இருக்குடா, மூக்கைத் துளைக்குது" என்றார். மேசை அதிர மத்தியானம் வரை சண்டை. ஒரு வருஷம் கழித்து ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துத் திட்டிக்கொண்டார்கள். எனக்கு அப்பாடா என்று இருந்தது, போய் இன்னொரு பானை காபி போட்டேன்.

எல்லோரும் நோய்நொடியில்லாமல் நன்றாக இருங்கள், பிள்ளைகளுக்கு என் முத்தம். வேலித் தகராறில் உன் பக்கத்து வீட்டுக்காரியோடு பேசுவதில்லை என்றாயே, மறக்காமல் போய்த் திட்டவாவது திட்டிவிட்டு வா.

இப்படிக்கு,
உன் அம்மா விபெகே