மதிலைச் சுற்றி ஒரு நடை

குவைத்
20.06.2009

அன்பு மச்சானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நான் நல்ல சுகம். உங்களுக்கும் மாமிக்கும் நம் மகள் சின்னவளுக்கும் அல்லாஹ் சுகத்தைத் தரட்டும்.

நேற்று இங்கே ஒரு கூத்து. நான் பார்த்துக்கொள்ளும் பெரிய மேடத்துக்கு மறதி வருத்தம் அல்லவா? துணிமூட்டையோடு கேற்றில் நின்று, வீட்டுக்குப் போகவேண்டும் என்று அழுதார். "இதுதான் உங்கட ஊடு" என்று பிள்ளைகள் சொல்லச் சொல்ல அழுகை கூடியது. நான் கையைப் பிடித்து, "வாங்க, நானும் வாறன்" என்றேன். வெளிமதிலை ஒருதரம் சுற்றிவந்தோம். அதே கேற்றைக் கண்டதும், "அல்ஹம்துலில்லாஹ், ஊடு வந்துட்டு" என்று சிரித்தார். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

மாமியும் பழைய வீட்டைக் கேட்டு அழுவதாகச் சொன்னீர்கள். "அதக் கடல் கொண்டு போயிட்டு உம்மா" என்று இனிச் சொல்லாதீர்கள். நீங்கள் சொல்லும்போதெல்லாம் அவருக்கு அன்றுதான் சுனாமி. பள்ளிவாசல்வரை கூட்டிப்போய்த் திரும்புங்கள். சண்டைதான் முடிந்துவிட்டதே, பொழுதுபட்டாலும் பயமில்லை.

அடுத்த மாதம் இங்கே வேலைக்கு வரும் நதீரா ராத்தாவிடம் கொஞ்சம் மாசிச் சம்பல் கொடுத்துவிடுங்கள். என்னை மறந்துவிடாமல் இருக்க, மாமிக்கு என் போட்டோவை அடிக்கடி காட்டுங்கள்.

சின்னவளுக்கும் காட்டுங்கள்.

மேடம் கூப்பிடுகிறார்.

உங்கள்
ஸுஹைறா