வளைவில் சாயாத வேன்

அன்புள்ள வீட்டுக்காரிக்கு,

உன் இருமல் விட்டதா? நான் சுகம். போன வாரம் ஒரு வளைவில், நான் ஓட்டும் பெரிய வேன் லேசாகச் சாய்ந்தது. கவலைப்படாதே, கொட்டியது என் மதியச் சோறு மட்டும்தான். சாய்வைத் தடுக்கும் ஸ்வே பார் என்ற இரும்புக் கம்பியில் மெல்லியதே போதும் என்ற முதலாளியிடம் வாதாடி, தடித்ததையே வாங்க வைத்து, நானே மாட்டினேன். வண்டி ஜாக்கியில் நிற்கும்போதே போல்ட்டை இறுக்கிவிட்டேன்.

"சக்கரம் அந்தரத்துல தொங்குறப்ப முறுக்கினா கம்பியைப் பிடிச்சிருக்குற ரப்பர் சீக்கிரம் பிஞ்சிடும். தரையில இறக்கிட்டு முறுக்குப்பா" என்று மெக்கானிக் தலையில் அடித்துக்கொண்டார்.

இறக்கி முறுக்கினேன். இப்போது ஆடாமல் அசையாமல் போகிறது. பஸ்ஸில் வாந்தியெடுக்கும் நீகூட இதில் நிம்மதியாகத் தூங்கலாம். இந்த ஊருக்கு வர உனக்கு விசா மட்டும் கிடைக்கட்டும்.

பின்னால் நிற்கும் வண்டிக்காரர்கள் ஹாரன் அடிக்கிறார்கள், கிளம்புகிறேன். பக்கத்து சீட்டில் விரிக்க உன் பழைய சேலை ஒன்று அனுப்பு. துவைக்க வேண்டாம்.

உன்னவன்