முழங்கால் தண்ணீரில் சுறா

ஜனவரி 8, புதன்
அல்ஷிஃபா இந்த நோட்டைக் கொடுத்தாள். காலேஜில் மீன்களைப் பற்றிப் படிக்கிற பெண். நான் மீன் வெட்டுகிற உறையூர் மார்க்கெட்டுக்கு என்ன சுறா வருகிறது, எந்த ஊர்ப் பெட்டி என்று தேதி போட்டு எழுத வேண்டுமாம். நான் ஆறாவதோடு நின்றவள், எழுத்து கோணும் என்றேன். கோணினா என்னக்கா, சுறாவா படிக்கப் போகுது என்றாள்.

ஜனவரி 9
பால் சுறா இரண்டு. மண்டபம் பெட்டி.
அந்த மீன் வண்டியை இப்போது ஆஸ்டின் ஓட்டுகிறான். ஐப்பசி வரை என் வீட்டுக்காரர் ஓட்டினார். நெஞ்சு வலிக்குது என்று உட்கார்ந்தவர், எழுந்திருக்கவில்லை. எழுபத்தெட்டு நாள். வண்டிச் சத்தம் கேட்டால் இன்னும் எழுந்து நிற்கிறேன்.

ஜனவரி 17, வெள்ளி
எழுதியே ஆக வேண்டும்.
அல்ஷிஃபா போனில் ஒரு சுறாவைக் காட்டினாள். பழுப்பு உடம்பு, வெள்ளை வயிறு. ஒவ்வொரு இறக்கை நுனியும் மையில் முக்கி எடுத்த மாதிரி கறுப்பு. முதுகு இறக்கையில் கறுப்புக்குக் கீழே வெள்ளைப் பட்டை. மூக்கு குட்டை, மழுங்கல். இது வந்திருக்கிறதா என்றாள். இல்லை என்றேன். எங்கே இருக்கும் என்று கேட்டேன். வெதுவெதுப்பான கடலில், கரையோரப் பவளப்பாறையில் திரியுமாம். "குட்டிங்களுக்கு முழங்கால் அளவு தண்ணி போதும்க்கா."
கத்தியைக் கீழே வைத்துவிட்டேன்.
இதைத்தானே இவர் சொன்னார்? போன மாசியில், மண்டபத்தில் லோடு ஏற்றிவிட்டுக் கால் கழுவக் கடலில் இறங்கினாராம். இறக்கை நுனி கறுத்த சின்னச் சுறாக்கள் காலைச் சுற்றி வந்ததாம். மார்க்கெட்டே கேட்கச் சிரித்தேன். "இருபத்திரண்டு வருசமா சுறா வெட்டுறேன், கறுப்பு இறக்கை ஒண்ணுகூட பாத்ததில்ல. முழங்கால் தண்ணில வந்தா அப்புறம் குடத்துலயும் வரும்." அன்றிலிருந்து எல்லாருக்கும் அவர் குடத்துச் சுறா. அவரும் சிரித்துக்கொண்டார். வீட்டில் ஒரே ஒரு தடவை, "நெசமாத்தான் பாத்தேன் மகா" என்றார். நான் திரும்பிப் படுத்துக்கொண்டேன்.
ஏன் நம்பல நான்?

ஜனவரி 18
நான் வெட்டிய சுறா எதற்காவது இறக்கை இருந்ததா?

ஜனவரி 19, ஞாயிறு
இல்லை. ஒன்றுக்கும் இல்லை. இன்று வந்த நாலையும் புரட்டிப் பார்த்தேன். கரையிலேயே இறக்கையை அறுத்துத் தனியாக விற்றுவிடுகிறார்கள். இங்கே வருவது வெறும் முண்டம். மொட்டைச் சுறாவையே வெட்டிவிட்டு, கண்ணால் பார்த்தவரிடம் வாயாடியிருக்கிறேன். நான் கடலையே பார்த்ததில்லை. உனக்கு என்ன தெரியும்னு அவர் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேக்கல.
பக்கத்துக் கட்டையில் வெட்டுகிற நாத்தனார் ஆனந்தவள்ளியிடம் சொன்னேன். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "என் தம்பி பிச்சமுத்துவப் பொய்யனாக்கிட்டியேடி."

பிப்ரவரி 3
இறக்கையோடு முழுசாய் ஒன்று வந்தது! நுனி கறுப்பு. யாரையும் தொடவிடவில்லை. அல்ஷிஃபா ஆட்டோ பிடித்து வந்தாள். பார்த்தாள், உதட்டைப் பிதுக்கினாள். மூக்கு கூர், வெள்ளைப் பட்டை இல்லை. வேறு சாதி.
அழுகை வந்தது. ஆனாலும் வித்தியாசம் இப்போது எனக்கே தெரியும். பெட்டி வந்தால் முதல் ஆளாய் ஓடுகிறேன். "பொண்ணு பாக்கப் போனவ மாதிரி மூக்கப் பாக்குறா, முதுகப் பாக்குறா" என்று ஆனந்தவள்ளி கேலி பண்ணுகிறாள்.
பெட்டியில் தேடினால் ஆகாது. தண்ணீரில் பார்க்க வேண்டும். அவர் சொன்னது நிஜமா என்று நானே பார்க்க வேண்டும்.

பிப்ரவரி 23, ஞாயிறு
நாளைக் காலை மண்டபத்துக்குத் திரும்புகிற காலி வண்டியில் போகிறேன். இவர் கால் கழுவின இடம் ஆஸ்டினுக்குத் தெரியுமாம். தலைத் திவசம்கூட ஆகல, கடலுக்குப் போறாளாம் என்று திட்டிக்கொண்டே ஆனந்தவள்ளி புளிசோறு கட்டுகிறாள். கட்டப்போகிற சேலையை மூன்று தடவை மாற்றி எடுத்து வைத்தேன். கல்யாணத்துக்கு முதல் நாள்கூட இப்படி இல்லை.

பிப்ரவரி 24, திங்கள்
கரையில் உட்கார்ந்து எழுதுகிறேன்.
கடல் இவ்வளவு பெரிசா?
சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கினேன். மணலும் பாறையும் கண்ணாடியில் தெரிகிற மாதிரி. முழங்கால்தான் நனைந்தது. ரொம்ப நேரம் ஒன்றுமில்லை. ஆஸ்டின் மணியைப் பார்த்தான். போகலாம் என்று திரும்பினேன். ஒரு கறுப்பு நுனி தண்ணீரைக் கீறிக்கொண்டு வந்தது. பின்னால் இன்னொன்று. மூன்று. மணல் நிற உடம்பு, விலாவில் வெள்ளைக் கோடு. மழுங்கின மூக்கு. கறுப்புக்குக் கீழே வெள்ளைப் பட்டை — இருந்தது, மூன்றுக்கும் இருந்தது. என் காலுக்கு ஒரு சாண் தள்ளித் திரும்பிப் போயின. கத்தவில்லை நான். என்னங்க, என்று மட்டும் வந்தது வாயில்.
அல்ஷிஃபாவுக்குப் போன் போட்டேன். மூக்கு, பட்டை, ஆழம் எல்லாம் கேட்டு எழுதினாள். சந்தோஷத்தில் அவள் குரலும் ஏறிவிட்டது. கடைசியில், பார்த்தவர் பெயர் மகாலட்சுமி என்று போடவா என்றாள்.
பிச்சமுத்து என்று போடச் சொன்னேன்.
"நீங்கதானேக்கா பாத்தீங்க?"
"நான் இன்னிக்குத்தாம்மா பாத்தேன். அவரு போன மாசியிலயே பாத்துட்டாரு."