மேஜைக்கு மூச்சு தொண்ணூற்றேழு

மார்ச் 3, திங்கள்
ஆக்ஸிஜன் மானிட்டரின் டிரைவர் என்கிற நிரல் மறுபடி என் தலையில் விழுந்திருக்கிறது. நான்கு வருடங்களுக்கு முன் சில மாதம் தொட்டதோடு சரி. விரலில் மாட்டிய சென்சார் சொல்வதைத் திரைக்குக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும், அவ்வளவுதான் அதன் வேலை. அது தன் லாக்கில் பதிந்து வைத்திருக்கும் பிழைச் செய்திகளை இன்று படித்தேன். "ஏதோ தவறு." "மறுபடியும் தவறு." "இங்கே வரவே முடியாது." நிரல் ஒருபோதும் அந்த இடத்துக்கு வராது என்று நம்பி எழுதிய கடைசியது, நேற்று மட்டும் நாற்பது முறை வந்திருக்கிறது. எழுதிய மகானை ஒருமுறை நேரில் பார்க்க வேண்டும்.

மார்ச் 5
எங்கள் மேலாளருக்கு நாங்கள் வைத்த பெயர் பச்சைவிளக்கு. அவர் அட்டவணையில் எல்லா வரிசையும் பச்சையாக இருந்தால்தான் அவருக்குச் சோறு இறங்கும்.
"லாக் ஏன் இவ்ளோ கத்துது? கஸ்டமர் பயந்துடுவாங்க. வெளிய அனுப்புறப்ப டீபக் எல்லாத்தையும் அணைச்சிடுங்க."
டீபக் என்பது நிரல் எங்களுக்காக மட்டும் எழுதி வைக்கும் குறிப்பு; எப்போதும் அதை அணைத்துத்தான் அனுப்புகிறோம். ஆள் நீலம் பாரித்தாலும் அட்டவணை பச்சையாக இருக்கும்.

மார்ச் 8, சனி
எங்கள் கையடக்க மானிட்டர் ஒன்றைக் கொண்டுவந்து அப்பாவின் விரலில் மாட்டினேன். மாடி ஏறி வந்து சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போதும் "நல்லாருக்கேன்மா" என்பவர் அவர். இதாவது உண்மையைச் சொல்லட்டும்.
97. தொண்ணூற்றைந்துக்கு மேல் என்றால் நல்லது. சரி, நம்பிவிட்டேன்.

மார்ச் 12
வேலை நேரத்தில் அப்பாவின் போன்.
"உன் மெஷினு ரொம்ப சமத்தும்மா. கழட்டி மேஜை மேல வச்சிட்டுக் குளிக்கப் போனேன். வந்து பாக்குறேன், அப்பவும் தொண்ணூத்தேழு. மேஜைக்கு நல்ல மூச்சு."
அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.
தேடிப் பிடித்துவிட்டேன். சென்சார் பதில் தராவிட்டால் டிரைவர், "பதில் இல்லை, பழைய அளவையே தருகிறேன்" என்று டீபக்கில் ஒரு வரி எழுதுகிறது. பிறகு பழைய எண்ணைத் திரைக்குக் கொடுத்து, எல்லாம் சரி என்கிறது. டீபக்கைத்தான் அணைத்து அனுப்புகிறோமே. அந்த வரியை யார் படிப்பது?
எழுதியது யார் என்று பழைய பதிவுகளைப் புரட்டினேன். ஒரு வெள்ளிக்கிழமை, மாலை ஐந்து ஐம்பது. என் பெயர். "இங்கே வரவே முடியாது" என்பதும் நான்தான்.
மகானைப் பார்த்தாயிற்று.

மார்ச் 13
திங்கட்கிழமை டிரைவரின் புதிய வெளியீடு. சத்தமில்லாமல் திருத்திவிட்டால் யாருக்குத் தெரியப் போகிறது? ஆனால் நான்கு வருடமாக வார்டுகளில் ஓடுகிற பழைய மானிட்டர்கள்? எவர் விரலிலிருந்தோ கழன்று, பக்கத்தில் கிடந்து, 97 காட்டிக்கொண்டு— ஐயோ, என்ன செய்து வைத்திருக்கிறேன் நான்.

மார்ச் 14
சொல்லிவிட்டேன். கூட்டத்தில், எல்லோர் முன்னாலும், நான் எழுதியது என்றே.
பச்சைவிளக்கு கதவைச் சாத்திவிட்டு வந்து கேட்டார்: "இத மெயில்ல வேற போடணுமா? வாயால சொன்னது போதாதா?"
"வாயால சொன்னா அதுவும் டீபக் வரி மாதிரிதான் சார். யாரும் படிக்க மாட்டாங்க."
மெயில் காலையிலேயே போய்விட்டது, மருத்துவமனைகளோடு பேசும் பிரிவுக்கும் சேர்த்து. அட்டவணையில் ஒரு வரிசை சிவப்பானது. சொந்தக்காரர் செத்ததுபோல் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மார்ச் 21
வெளியீடு தள்ளிப்போனது. பழைய மானிட்டர்களுக்கும் திருத்தம் போகிறது. பதவி உயர்வுப் பட்டியலில் என் பெயர் இல்லை. காரணம் யாரும் சொல்லவில்லை. பிழைச் செய்தி எழுதத் தெரியாதவள் நான் மட்டும் இல்லை போலும்.

மார்ச் 30, ஞாயிறு
திருத்திய டிரைவரை அப்பாவின் மானிட்டரில் போட்டேன். கழன்றால் எண் மறைகிறது, கத்துகிறது. அவர் குளிக்கப் போவது இப்போது தெருவுக்கே தெரியும். "பழசே தேவல" என்கிறார்.
மாலை, மானிட்டரை விரலில் மாட்டியபடியே ஏறியவர், மாடிப்படியில் பாதியிலேயே உட்கார்ந்துவிட்டார். திரையில் 88.
"எப்படிப்பா இருக்கு?"
வழக்கமான பதிலுக்குத் தயாராக நின்றேன். அவர் திரையைப் பார்த்தார். பிறகு என்னை.
"முடியலம்மா. ரெண்டு மாசமாவே முடியல."
படியில் அவர் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டேன். நாளை பத்து மணிக்கு டாக்டரிடம் போகிறோம்.